அமரத்து ஓட்டை

ஏப்ரல் 17

ஐஸ் கம்பெனிக்காரர் வருசா வருசம் கொடுக்கிற டைரி இது. எப்போதும் என் வீட்டுக்காரர் பேருக்குத்தான் வரும். இந்த முறை வீட்டு வாசலில் நின்று, “அண்ணாச்சி இல்லாட்டியும் உங்களுக்குத்தான் மைனி” என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார். சும்மாவே கிடந்தது. மகள் டெல்பின் போனில் அழுதாள். “யாருகிட்டயும் பேச மாட்டேங்கிய. எழுதவாவது செய்யும்மா” என்றாள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. பிழை இருந்தாலும் பார்க்கப் போகிறவர்கள் யாரும் இல்லை.

தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் பாதி வரைக்கும் போட்டுகள் கடலுக்குப் போகாது. துறைமுகத்தில் ஒரே பெயிண்ட் வாசனை. நம் போட்டையும் கரையேற்ற வேண்டும். ‘நம்’ என்று எழுதிவிட்டேன். என் போட்டு. பதியும்போதே என் பேரில்தான் பதிந்தார். “என் பேர்ல இருந்தா கடலுக்குக் குடுத்துருவேன். உன் பேர்ல இருந்தா கரைக்குக் கொண்டு வந்துருவேன்” என்று சிரிப்பார்.

போட்டைக் கரைக்குக் கொண்டு வந்துவிட்டார்கள், நவம்பரில். அவரைப் பாய்க்குள் வைத்து.

ஏப்ரல் 20

போட்டு மேலே ஏறியது. தண்ணீரில் நிற்கும்போது மறைந்திருக்கிற வயிறு கரையில் வந்தால்தான் தெரிகிறது. பழைய மரம். அடியெல்லாம் கொட்டலசுச் சிப்பி அப்பி, சொறி பிடித்த மாடு மாதிரி இருந்தது.

கஸ்பார் நின்று எல்லோரையும் ஏவிக்கொண்டிருந்தான். கஸ்பார் என் கூடப் பிறந்த தம்பி. ஓட்டுவது அவர் வேலை, மராமத்து அவன் வேலை என்று இத்தனை வருசம் ஓடியது. இந்த வருசம் தானே டிரைவர் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டான். என்னிடம் சொல்லவில்லை.

“எக்கா, நீ என்னத்துக்கு வெயில்ல வந்து நிக்க? நான் பாத்துக்கிட மாட்டேனா?”

“பாப்பே” என்றேன்.

திரும்பி வரும்போது ஏலக்கூடத்துப் பக்கம் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். “கண்ணு தெரியாத டிரைவர் பொஞ்சாதி போறா பாரு.” நான் கேட்கட்டும் என்று சொன்னதில்லை. ஆனால் ஊரே அப்படித்தான் சொல்கிறது. அவர் கடலுக்கு அடியில் கிடக்கிற பாரைப் பார்க்காமல் ஓட்டினார், மடிவலை பாறையில் மாட்டியது, விடுவிக்கப் போனவர் நெஞ்சில் கயிறு அறுந்து அடித்தது, எல்லாம் அவர் கண்ணால் வந்தது என்று. முதலில் அதைச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். சாவு வீட்டில், பந்தலுக்குக் கீழே நின்று, கஸ்பார் அழுதுகொண்டே சொன்னான். “எக்கோ மிஷின் எல்லாம் சரியாத்தான் காட்டிச்சு. அத்தானுக்குத்தான் கண்ணு மங்கிட்டு.”

ஏப்ரல் 23

கூலிக்கு விடாமல் நானே கொட்டலசு சுரண்டப் போனேன். கை சும்மா இருந்தால் என்னவோ செய்கிறது.

அமரத்தில், அதாவது போட்டின் பின்பக்கத்தில், புரொப்பல்லருக்கு ஒரு முழம் முன்னால், கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு பித்தளை இருந்தது. ஓடாவி சூசையிடம் என்ன இது என்று கேட்டேன். போட்டு கட்டுகிற, பழுது பார்க்கிற தச்சரை எங்கள் பக்கம் ஓடாவி என்போம். சூசை அவருக்கும் சேக்காளி.

“எக்கோவோட கண்ணுல்லா மைனி. இதுதான் கீழ சத்தம் அனுப்பும். தரையில பட்டுத் திரும்புறதை வச்சு எத்தனை பாகம் ஆழம், மண்ணா பாரான்னு மேல திரையில காட்டும்.”

எனக்கு எக்கோ என்றால் கேபினில் இருக்கிற திரைதான். அடியில் இருக்கிற அதன் கண்ணை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

“அணியத்துல மாட்டியிருக்குன்னு அவர் சொன்னாரே, சூசை?”

“முன்னாலயா? இல்லியே. போன தடைக்காலத்துலதானே கஸ்பார் மாட்டுனாவ. பழைய தண்ணிக்குழா ஓட்டை ஒண்ணு இங்ஙன சும்மா கெடந்துச்சு. உள்ள ஒரு கட்டையை வச்சு அதுலயே மாட்டியாச்சு. புது ஓட்டை போட்டாத்தானே என்னைக் கூப்பிடணும், அண்ணாச்சியைக் கூப்பிடணும்.”

தண்ணீருக்கு அடியில் போகிற பலகையில் புதிதாக ஓட்டை போடுவதென்றால், போட்டுக்குச் சொந்தக்காரர் வந்து சாக்பீஸால் சிலுவை போட்டுக் காட்ட வேண்டும். அதன் மேல்தான் ஓடாவி துரப்பணம் வைப்பார். எந்த ஓடாவியும் இதை மீற மாட்டார். பழைய ஓட்டைக்குச் சிலுவை தேவையில்லை. போன வருசம் அவர் மஞ்சள் காமாலையில் படுத்துக் கிடந்தார். நான் கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருந்தேன். போட்டுப் பக்கம் இரண்டு பேருமே போகவில்லை.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். கஞ்சியைக் கொட்டாமல் அப்படியே மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 24

அவர் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. போன ஆகஸ்டு இருக்கும். “நின்னா நல்லாக் காட்டுது பிரகாசி. மடியை இழுத்து ஓட ஆரம்பிச்சா திரையெல்லாம் சோறு பொங்குற மாதிரி பொங்குது. ஒண்ணும் தெரிய மாட்டேங்கு.”

கஸ்பார் பக்கத்தில்தான் இருந்தான். “மிஷின் புதுசுதான். கண்ணு பழகணும். வேணும்னா ஒருக்கா டாக்டர்ட்ட காட்டுவோமா?”

அவனே பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றார். “கலெக்டர் மாதிரி இருக்கேனா?” என்றார். நான் சிரித்தேன்.

கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. துடைத்து வைத்தேன்.

ஏப்ரல் 29

எக்கோ கடையிலிருந்து ஒரு பையன் மாதிரி ஆள் வந்தான், டெரன்ஸ் என்று பேர். திரையைச் சோதிக்க வந்தவன். இந்தக் கடைக்குப் புதிது. கஸ்பார் டீ குடிக்கப் போயிருந்தான். நான் அமரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

“யாரு ஆன்ட்டி இங்க மாட்டுனது?” என்று குனிந்து பார்த்தான். “புரொப்பல்லர் சுத்துற இடம்லா. ஓடும்போது ஒரே நுரையா இருக்கும். நுரையில சத்தம் போகாது. நின்னா மட்டும்தான் தரை தெரியும்.”

“அப்ப மாட்டுறவனுக்கு இது தெரியுமா தெரியாதா?”

“மாட்டுற எவனுக்கும் தெரியும். பொட்டியில போட்டு வர்ற பேப்பர்லயே படம் போட்டிருக்கும். மாத்திரலாம் ஆன்ட்டி. முன்னால, அடியில நீளமா ஓடுற கீல் கட்டைக்குப் பக்கத்துல. ரொம்ப மூக்குல இல்ல, மூக்கு தூக்கி அடிக்கும்போது காத்து வாங்கும். கொஞ்சம் உள்ள தள்ளி.”

“இப்ப ஒண்ணும் மாத்தாண்டாம்” என்றேன். “யாருகிட்டயும் சொல்லவும் வேண்டாம்.”

கஸ்பார் தெரியாமல் செய்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. தம்பிதானே. மராமத்து தெரியும், மிஷின் தெரியாது. அப்படியே நினைத்துக்கொண்டு படுத்துக்கொள்ளலாம்.

மே 2

வெங்காய வடகம் காயப் போட்டேன். காக்கா தொந்தரவு.

மே 6

கஸ்பார் வீட்டுக்கு வந்தான். அவன் வீடு என் வீட்டுக்கு நேர் எதிரே. இரண்டு வாசலும் பார்த்துக்கொண்டு நிற்கும். வாழைத்தார் ஒன்று கொண்டு வந்தான். உட்கார்ந்து பெயிண்ட், பலகை, கயிறு எல்லாம் பேசினான். எழுந்திருக்கும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

“பொறவு எக்கா, அந்த எக்கோ கண்ணை முன்னால மாத்திரணும். அமரத்துல இருந்தா நுரை அடிக்கும். ஓடும்போது ஒண்ணும் காட்டாது. இந்த வருசம் நான்லா ஓட்டணும்.”

“அப்படியா?”

“ஒரு ஓட்டைதான். நீ வந்து சிலுவை போட்டுரு.”

நான் வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். “அணியத்துல ஓட்டை போட எனக்கு மனசு வரல கஸ்பார். அவர் கட்டின போட்டு. இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்.”

“எக்கா, நான் சொல்லுதேன்ல…”

“நல்லாத்தானே காட்டிச்சுன்னு நீதானே சொன்னே.”

அவன் முகம் என்ன ஆயிற்று என்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. சிரித்துவிட்டுப் போனான்.

மே 7

அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

மே 11

வாழைப்பழத்தை மாட்டுக்குப் போட்டேன்.

மே 16

அவன் தம்பி என்பதால் இரண்டு மடங்கு எரிகிறது. அம்மா செத்தபோது அவனுக்கு மூன்று வயசு. இடுப்பில் தூக்கி வைத்துச் சோறு ஊட்டின கை இது. எதற்காகச் செய்தான்? வேலை சீக்கிரம் முடியட்டும் என்று. ஓடாவி வர வேண்டாம், சிலுவை வேண்டாம், கேள்வி வேண்டாம் என்று. அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை. பழியை அவர் கண்ணின் மேல் போட்டான். செத்த பிறகும் அவர் கண்ணின் மேலேயே போட்டான்.

சங்கத்தில் போய்ச் சொல்லலாம். “புருசன் செத்த ஆங்காரத்துல தம்பி மேல பழி போடுதா” என்பார்கள். என் வாயால் சொன்னால் எடுபடாது. அவன் வாயால் வர வேண்டும். வராவிட்டால் கடல் இருக்கிறது.

மே 21

கஸ்பார் பெண்டாட்டி ரெஜினா வந்தாள். நல்ல பிள்ளை. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது.

“மைனி, அவிய சரியாச் சாப்பிட மாட்டேங்காவ. எக்கோவை மாத்துன்னு அக்காகிட்ட நீ சொல்லுன்னு என்னைப் பிடுங்குதாவ. எனக்கு என்ன தெரியும் மைனி?”

“எதுக்கு மாத்தணும்னு கேளு” என்றேன். “கேட்டு வந்து எனக்குச் சொல்லு.”

திரும்பி வரவில்லை.

மே 26

ஓடாவி பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிக்கிறார். டக்கு டக்கு என்று சத்தம் தெரு வரைக்கும் கேட்கிறது. இன்னும் ஒரு வாரத்தில் முடியும் என்றார். கஸ்பார் தினமும் அமரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு வருகிறான். எனக்குத் தெரியாமல் மாற்றச் சொல்லிக் கேட்டானாம். “சிலுவை இல்லாம என் கை வராதுல” என்று ஓடாவி சொல்லிவிட்டாராம். நல்ல மனுசன்.

மே 30

நான்கு கோழியையும் பக்கத்து வீட்டு ரோசிக்குக் கொடுத்துவிட்டேன். சும்மாதான். தீனி போட முடியவில்லை.

ஜூன் 1

டெல்பின் வந்து போனாள். கம்மலைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். “இப்ப என்னத்துக்கும்மா?” என்றாள். திருகு லூசாக இருக்கிறது, உன் ஊர்ப் பத்தரிடம் கொடு என்றேன். அவள் போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டேன். அலமாரியைக்கூட நகர்த்திக் கழுவினேன்.

ஜூன் 5

இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

கலப்பத்து முடிந்தால் ஓடாவிக்கும் தொழிலாளிகளுக்கும் போட்டின் நிழலிலேயே கறிச்சோறு போடுவது வழக்கம். சொந்தக்காரர்தான் பரிமாற வேண்டும். ஆட்டுக்கறி வைத்தேன். அவருக்குப் பிடித்த மாதிரி மிளகு தூக்கலாக. எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். டெரன்ஸையும் கூப்பிட்டிருந்தேன்.

எல்லோருக்கும் இரண்டாவது தடவை சோறு வைத்த பிறகு சொன்னேன்.

“கடல் திறந்ததும் முதல் இழுப்பு அந்தப் பார்ல போடணும். அவர் போன இடத்துல.”

எல்லோரும் கையை நிறுத்தினார்கள். சவரி இருக்கிறாரே, என் வீட்டுக்காரருடன் பதினைந்து வருசம் ஓடியவர், அவர் கேட்டார். “நேர்ச்சையா மைனி?”

“நேர்ச்சைன்னே வச்சுக்கிடுங்க. சவரி, அன்னைக்கு ஒரு நாள் நீங்க சுக்கான் பிடிங்க. மத்தவங்க யாரும் வரவேண்டாம். கஸ்பார் பின்னால கயிறுகிட்ட நிக்கட்டும். அவன் அத்தான் நின்ன இடத்துல. நானும் வருவேன். அவன் பக்கத்துலயே நிப்பேன்.”

“பொம்பளை போட்டுலயா?” என்று யாரோ கேட்டார்கள்.

“என் போட்டு” என்றேன்.

கஸ்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “எக்கா, விளையாடாத. அந்தப் பார் மோசமான பார்.”

“எக்கோ இருக்குல்லா. சவரி திரையைப் பாத்து ஓட்டுவாவ. பார் வந்தா மடியைத் தூக்கிருவோம். அவருக்குத்தான் கண்ணு இல்ல. சவரிக்கு இருக்கு.”

“அந்த எக்கோவை வச்சுக்கிட்டு அங்க போகாண்டாம்.”

“ஏன்? எல்லாம் சரியாத்தான் காட்டிச்சுன்னு நீ பந்தல்ல சொன்னியே. இங்க இருக்கிற எல்லாரும் கேட்டாவ.”

“எக்கா…”

“கறி வைக்கட்டா?”

“ஓடும்போது காட்டாதுக்கா!” இலையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான். “நுரைதான் காட்டும்! கயிறுகிட்ட என்னைய நிப்பாட்டி மடியை இழுத்தா நான் செத்துருவேன்! உனக்கு வெளங்கலியா?”

காகம் ஒன்று கத்தியது.

சவரி கையில் இருந்த உருண்டையை இலையிலேயே திரும்ப வைத்தார். மெதுவாகக் கேட்டார்.

“காட்டாதுன்னு உமக்கு எப்பத் தெரியும், கஸ்பார்?”

அவன் டெரன்ஸைப் பார்த்தான். டெரன்ஸ் தரையைப் பார்த்தான். ஓடாவி, “பழைய ஓட்டைன்னு என்னைக் கூப்பிடாம மாட்டுனிய. அப்பவே தெரியுமா?” என்றார்.

“கொஞ்ச நாளைக்குத்தானேன்னு நெனச்சேன்…” என்றான். “அடுத்த தடைக்கு மாத்திக்கிடலாம்னு…”

“அதுக்கு என்னத்துக்குவே அந்த மனுசனைக் கண்ணு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனீரு?” சவரி எழுந்துவிட்டார். “நானும்லா அண்ணாச்சி பாக்கலன்னு நெனச்சேன். நானும்லா ஊரெல்லாம் சொன்னேன்.”

கஸ்பார் என் பக்கம் வந்து, “எக்கா, நீ ஏதாச்சும் சொல்லு” என்றான். சின்ன வயசில் தெருவில் அடி வாங்கினால் இப்படித்தான் வருவான்.

நான் அவன் இலையை எடுத்து மடித்தேன். அவன் பக்கமாக மடிக்கவில்லை. சாவு வீட்டுச் சாப்பாட்டில் மடிப்பது போல எதிர்ப்பக்கமாக மடித்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

ஜூன் 7

இடம் பார்த்தோம். ஓடாவியும் டெரன்ஸும் சவரியும் போட்டுக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து பார்த்தார்கள். குழாய் எதுவும் முன்னால் இருக்கக் கூடாது. பலகை சேர்கிற இடமாக இருக்கக் கூடாது. கீலுக்கு ஒட்டி, போட்டின் நீளத்தில் முன்பாதிக்குள், ஆனால் மூக்கிலிருந்து தள்ளி. வயிறு சாய்வாக இருப்பதால் கண் நேர் கீழே பார்க்கும்படி சாய்வுக்கு ஏற்ற கட்டை ஒன்று செதுக்க வேண்டும் என்றார் ஓடாவி. “ரொம்ப முறுக்கக் கூடாது தம்பி. மரம் தண்ணி குடிச்சா ஊதும்” என்று டெரன்ஸிடம் சொன்னார். “ஆமாண்ணே, அதுக்குத்தான் பித்தளை. பிளாஸ்டிக்குன்னா வெடிச்சிரும்” என்றான் அவன்.

என் கையில் சாக்பீஸ் கொடுத்தார்கள். மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேல் இருந்த பலகையில் போட்டேன். முதல் கோடு நேராக வந்தது. இரண்டாவது கோடு கொஞ்சம் கோணல்.

கஸ்பார் தூரத்தில் ஐஸ் லாரிக்குப் பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரம் கழித்துக் கிட்டே வந்து, “துரப்பணம் நான் பிடிக்கட்டா?” என்றான். ஓடாவி துரப்பணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அமரத்து ஓட்டையைச் சும்மா அடைத்தால் போதாது, பலகையை வெட்டி எடுத்து வேறு போடுங்கள் என்றேன். வெட்டினதில் இரண்டு துண்டு வந்தது. வெளிப்பலகை ஒன்று, உள்கட்டை ஒன்று. இரண்டிலும் அதே ஓட்டை, என் முன்னங்கை நுழைகிற அளவுக்கு. விறகுக்கா என்று ஓடாவி கேட்டார். இல்லை, எனக்கு வேண்டும் என்று சாக்கில் கட்டிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 9

ரோசியிடம் கோழிகளைத் திருப்பிக் கேட்டேன். ஒன்றைக் குழம்பு வைத்துவிட்டாளாம். மூன்று வந்தது.

ஜூன் 15

கடல் திறந்தது. விடியும் முன்னே எல்லாப் போட்டும் ஒன்றாகக் கிளம்பியது. சவரி சுக்கானில். கேபினில் திரைக்குப் பக்கத்து ஆணியில் அவருடைய கண்ணாடியை மாட்டச் சொல்லிக் கொடுத்தேன். கஸ்பாரை எந்தப் போட்டிலும் ஏற்றவில்லை. நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை.

நானும் போகவில்லை. கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். போட்டு திரும்பியதும் சவரி ஓடி வந்தார்.

“பார் தெரிஞ்சுதா?” என்றேன்.

“மலை மாதிரி தெரிஞ்சுது மைனி. மடியை இழுத்துக்கிட்டே போனோம். திரையில ஒரு பொங்கல் இல்ல. முன்னாலேயே மடியைத் தூக்கிட்டு சுத்திப் போயிட்டோம்.” தலையைக் குனிந்துகொண்டார். “அண்ணாச்சி கண்ணுல ஒரு குறையும் இல்ல மைனி.”

எனக்குத் தெரியும் என்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நவம்பருக்குப் பிறகு இன்றைக்குத்தான் சத்தம் போட்டு அழுதேன்.

அழுது முடித்தால் ஆறிவிடும் என்று டெல்பின் சொல்லியிருந்தாள். ஆறவில்லை.

ஜூன் 17

வெளிப்பலகையை என் வீட்டு முன்சுவரில் அடித்தேன், கஸ்பார் வாசலுக்கு நேராக. நானே ஏறி நின்று அடித்தேன். கதவைத் திறந்தால் அவனுக்கு முதலில் அந்த ஓட்டைதான் தெரியும்.

ரெஜினா வந்தாள். கண் வீங்கியிருந்தது. “மைனி, கால்ல விழுதேன். பிள்ளைய எல்லாம் அது என்னன்னு கேக்குதுவ.”

“அப்பாட்ட கேக்கச் சொல்லு” என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, “எனக்குத் தெரிஞ்சிருந்தா நானே வந்து சொல்லியிருப்பேன்” என்றாள். சொல்லியிருப்பாள். அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். பலகையைக் கழற்றவில்லை.

ஜூன் 18

அவன் கதவைத் திறந்தான். பார்த்தான். சாத்திக்கொண்டான்.

ஜூன் 21

மூன்று நாளாகக் கஸ்பார் முன்வாசல் வழியாக வரவில்லை. பின்வாசல் சந்து வழியாகத்தான் போய் வருகிறானாம். அந்தச் சந்தில் அவன் வாசலுக்கு நேரே இருப்பது ரோசி மகளின் வீட்டுச் சுவர். காலையில் போய்க் கேட்டேன். தாராளமாக அடித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

உள்கட்டை கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கனமான கட்டை. பெரிய ஆணியாகப் பார்த்து வாங்க வேண்டும்.